பலாக்கொட்டையும் இரத்தமும்

"தம்பி, நாங்கள் யேசுவைக் கும்பிடுற வேதக்காரர். உந்தச் செய்வினை, சூனியம் ஒண்டும் என்ர வீட்டில சரிவராது. வாற கிழமையே வெளிக்கிடும்!"

பேஸ்மென்ற் வாசலில் நின்று கத்தினார் வீட்டுக்கார அமிர்தநாதர் அங்கிள்.

எனக்கு ஒரு கோதாரியும் விளங்கவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம். வெளியில் முழங்கால் அளவு சினோப் பனி. இந்தக் கனடாக் குளிரில் ஸ்காபரோவில் எங்கே போய் அறை தேடுறது?

"என்ன சூனியம் அங்கிள்?"

"போன கிழமை என்னட்ட இரத்தம் கேட்டீர். இண்டைக்கு என்ர கிரைண்டரில பலாக்கொட்டை அரைக்கிறீர். நான் என்ன மடையனே?"

"ஐயோ, அது யூனிவர்சிற்றி ஆராய்ச்சி! லாப் மெசின் பழுதாப்போச்சு, அதுதான்..."

"வெள்ளைக்காரனுக்கு என்னத்துக்குப் பலாக்கொட்டை?"

"அதில ஒரு புரதம் இருக்கு அங்கிள். அதைப் பிரிச்செடுத்து, சின்னச் சின்ன மணியளில ஒட்டி, கண்ணாடிக் குழாயில நிரப்புவம். மேலால இரத்தத்தின்ர தெளிவை விட்டா, சீனி பிடிச்ச புரதங்கள் மட்டும் மணியில ஒட்டிக்கொள்ளும். மிச்சம் கழுவுப்பட்டுப் போயிடும்."

"ஒட்டினதை எப்பிடி எடுப்பீர்?"

"பலாப்பால் கையில ஒட்டினா எண்ணெய் பூசித்தானே கழட்டுறம்? அதுமாதிரி, ஒரு சீனித்தண்ணி விட்டாக் கழண்டு வந்திடும்."

"இறுக்கமா ஒட்டினதுமோ?"

"ஓம் அங்கிள்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விறுவிறென்று மேலே போய்விட்டார். விளங்கிவிட்டதா, இன்னும் கோபமா? ஆருக்குத் தெரியும்! பயத்தில் பெட்டி அடுக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு பை. கதவை மெல்லச் சாத்தினார்.

"நீர் ஒரு இடமும் போக வேண்டாம் தம்பி. இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். என்ர மனிசி, உம்மட அன்ரிக்கும்தான்."

"என்ன அங்கிள்?"

"என்ர மகன் றிச்சர்ட்... கலியாணம் கட்டிப் பிறம்ரனுக்குப் போனவன், மாமியார் வீட்டோடயே ஒட்டிப்போனான். நத்தார்ப் பண்டிகைக்கும் எட்டிப் பாக்கேல்ல."

எனக்கே பாவமாக இருந்தது. பைக்குள் கையை விட்டு, ஒரு பழைய ஆம்பிளைச் சட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இது அவன்ர சேட்டு. அவனைக் கழட்டி எடுக்க இரத்தந்தான் வேணுமோ, இது போதுமோ?"