கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே

குயின்ஸ்லாந்தின் சுரங்க ஊரில், வாசலோரம் நிற்கும் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, மெர்வ் பக்கவாட்டுக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி க்ளெண்டா சோப்புத் தண்ணீர் தெளிக்கிறாள். ரப்பர் கட்டையால் அவன் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ள, உள்ளே மாட்டிய செம்மண் துகள் மட்டும் முகப்பருவைப் போல நிற்கிறது. "கடையில குடுத்திருந்தா சுத்தமா ஒட்டியிருப்பான்" என்கிறாள். "குடுத்தேனே. உன் வண்டிய தொடமாட்டேன்னுட்டான்." சுரங்க வேலைநிறுத்தத்தில் இவன் ஒருவன்தான் வேலைக்குப் போனான். அது முடிந்து வருடமாகியும், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் இவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "இனிமே எவனும் கழுத்த திருப்பி வலிச்சுக்க வேணாம், பாவம்" என்கிறான் மெர்வ். க்ளெண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகிறாள். மெர்வ் கதவைச் சாத்துகிறான். வெயில் பழுப்பாகிறது, சத்தம் அடங்குகிறது. வண்டியின் பின்பக்கமிருந்து காலின் நடந்து வருகிறான். பல வருடம் இவனோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்கியவன். உள்ளே ஆளிருப்பது தெரியாமல் கண்ணாடிமுன் குனிந்து, மீசையை நீவிவிட்டு, தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்கிறான். ஒரு சாண் தூரத்தில் மெர்வும் பதிலுக்குச் சிரித்துவிடுகிறான்.