ரெண்டே வெட்டு

“நூறு வருஷமா தூங்குற இந்தக் கணக்கு, என் கத்திரியைப் பார்த்தாலே எழுந்து நின்னு விடை சொல்லும் பாருங்க! ரெண்டே வெட்டு!” என்கிறாள் ஓய்வுபெற்ற தையல்காரி. எதிரே அவள் கணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பழுப்பேறிய நூறு வருஷத்துத் தேர்வுத்தாளைப் பிடித்தபடி சிரிக்கிறார். அதிலுள்ள கணக்கு: இரண்டு சதுரங்களை வெட்டிச் சேர்த்து, அவற்றின் மொத்தப் பரப்புக்குச் சமமாக ஒரே சதுரம் அமைக்க வேண்டும். “பள்ளிக்கூடத்துலயே கணக்குல கோட்டை விட்டவ நீ. போட்டுட்டா என் வாயால ஒத்துக்கறேன்.” கல்யாணமான நாள்முதலாய் அவள் அந்த வாயிலிருந்து கேட்கக் காத்திருக்கும் சொல் அது. மேசையில் காலை வெயில். பெரிய நீலக் காகிதச் சதுரமும் சின்ன மஞ்சள் சதுரமும் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. சாக்கட்டி கோடு இழுக்கிறது. கத்திரிச் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்க்கிறது. துண்டுகளைச் சேர்த்தால், மூலைக்கு மூலை காது முளைத்து நிற்கிறது! “ஐயோ, பழக்கதோஷம்! தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டிட்டேங்க!” வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நாற்காலியும் கூடவே குலுங்குகிறது. அவள் அதே மாதிரி வேறொரு நீலச் சதுரத்தையும் மஞ்சள் சதுரத்தையும் ஒட்டி, இந்த முறை கோட்டின் மேலேயே கத்திரியை விடுகிறாள். வெட்டிய இரண்டு முக்கோணங்களும் கால்வட்டம் சுற்றிப்போய் உட்கார, நீலமும் மஞ்சளும் கலந்து ஒரே சதுரம்; இடுக்கில் எறும்பு மூச்சுவிட இடமில்லை. வாத்தியார் மூலைமட்டம் வைக்கிறார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். நாலு மூலையும் நேர். “ஒத்துக்கறேன்” என்று முணுமுணுக்கிறார். “என்னது? காது கேக்கல, வாத்தியாரே!” “ஒத்துக்கறேன்மா! என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு, ரெண்டே வெட்டு!”