இன்னொரு சுற்று

“வீட்டுக்கார அம்மா, அவங்க தம்பி, பூட்டு மாட்டுறவர், வக்கீல் நான். எல்லாரும் வந்தாச்சு. ஆரம்பிங்க,” என்றார் வக்கீல்.

பூட்டுக்காரர் வாசல் கதவின் பழைய பூட்டைக் கழற்றினார். விவாகரத்தில் வீடு மனைவிக்கு, கடை கணவனுக்கு என்று முடிவாகியிருந்தது. பாக்கி இந்தக் கதவு மட்டும்தான்.

“கெட்டியான பூட்டா இருக்கணும்டா,” என்றாள் அவள், தம்பியிடம். “போன மாசம் பூட்டிட்டுப் போயிட்டு வந்து பாத்தா, அந்த மனுஷன் கூடத்துல உக்காந்து டிவி பாத்துட்டு இருக்காரு. சாவி என்கிட்ட இருக்கு. எப்படி வந்தீங்கன்னா சிரிக்கிறாரு. அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

“வெக்கம் மானம் இருந்தாதானேக்கா,” என்றான் தம்பி, கதவைப் பார்த்து.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி. உளி வழுக்கும்,” என்றார் பூட்டுக்காரர்.

வக்கீல் அவசரமாக நடுவில் வந்தார். “இந்தப் புதுப் பூட்ட யாராலயும் திறக்க முடியாதா?”

“ரெண்டு சுத்து சுத்திப் பூட்டினா என்னாலயே முடியாது.”

“ஒரு சுத்தோட விட்டா?”

“கொண்டை ஊசி போதும்.”

“அப்ப வெளிய நின்னு திறந்து காட்டுங்க. ஒப்பந்தம் அதுதானே.”

புதுப் பூட்டை மாட்டி முடித்துவிட்டுப் பூட்டுக்காரர் வெளியே போனார். அவள் இரண்டு சுற்றுப் பூட்டினாள். கம்பிகள் வெகுநேரம் துளைக்குள் குடைந்தன. கதவு அசையவில்லை. மறுபடி உள்ளே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தம்பிக்கு முகமெல்லாம் பல்.

“மழைக்கு இந்தக் கதவு உப்பும். லேசாத் தூக்கிப் பிடிச்சுப் பூட்டணும்,” என்றார் பூட்டுக்காரர், வக்கீலிடம்.

“தெரியும்னு சொல்லுங்க,” என்றாள் அவள்.

சாவிகளை வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் அவளிடம் கொடுத்தார். உளியையும் கம்பிகளையும் பைக்குள் போட்ட பூட்டுக்காரர், உள்ளறைக்குப் போய் ஒரு துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தம்பி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். “உங்க சாமான் வேற எதுவும் விட்டுப்போகலயே, மாமா?”

அவர் தலையாட்டிவிட்டு வாசலைத் தாண்டினார். பின்னால் கதவு மூடியது. சாவி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அவர் படியிலேயே நின்றார்.

“இன்னொரு சுத்து,” என்றார், மனைவியாக இருந்தவளிடம் நேராக.

உள்ளே சாவி மறுபடி திரும்பியது.