ஐயாவின் உத்தரவு

செருப்பைக் கேட்டதற்கே பக்கிரிசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சபைக்கு அவர்தான் செயலாளர். செருப்பு அலமாரியின் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான். பூசை முடியும் முன் யாரும் படியிறங்கக் கூடாது என்பது சபையின் குருவான ஐயாவின் உத்தரவாம்.

"வீட்டுக்காம்மா?" என்றார்.

"சபையை விட்டே போறேன் அண்ணே," என்றாள் சந்திரகலா.

கிள்ளானில் இந்தக் கடைவீட்டு மாடியேறிய நாள் முதல் ஐயாவின் உத்தரவுப்படிதான் அவள் பிழைப்பு ஓடியது. உடுத்த வெள்ளை, உண்ண உப்பில்லாச் சோறு, சபையில் சேராத சொந்தபந்தத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது. செலாயாங்கில் அம்மா செத்தபோதுகூட, சாவு வீட்டுக்குப் போகக் கூடாதென்று ஐயா சொன்னதாகப் பக்கிரிசாமி வந்து சொன்னார். அவளும் போகவில்லை. பெற்றவள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காத பாவம் நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது.

தம்பி தனேஷ்தான் கண்ணைத் திறந்துவிட்டான். "கோயில்னா நெனச்ச நேரம் செருப்ப மாட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்க்கா. போக விடலேன்னா அதுக்குப் பேரு கல்ட் லா." சொன்னதோடு நிற்காமல் இன்று காரோடு வந்து வாசலில் காத்திருந்தான்.

பக்கிரிசாமி சண்டைக்கு வரவில்லை. விலகுகிறவர்கள் ஐயாவிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர்கள் எல்லாம் ஐயாவைப் பார்த்ததும் வாயடைத்து, காலில் விழுந்து, கண்ணீரோடு சபைக்கே திரும்பியிருக்கிறார்கள். அந்தத் தைரியம் அவருக்கு.

ஐயாவின் அறை மாடிக் கோடியில் இருந்தது. தவம் கலையக் கூடாதென்று கதவுக்கு வெளியே தாழ் போட்டிருந்தார்கள். பக்கிரிசாமி தாழை நீக்கி அவளை உள்ளே விட்டுவிட்டு, வாசற்படியிலேயே கைகட்டி நின்றுகொண்டார்.

மெலிந்துபோய்ப் பாயில் உட்கார்ந்திருந்த ஐயா, அவளைக் கண்டதும் கேட்டார்.

"உங்கம்மா சௌக்கியமாம்மா?"

சந்திரகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவுக்குப் போகாதே என்று தடுத்துவிட்டுச் சௌக்கியம் விசாரிக்கிறாரே, இந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது! வரும்போது இருந்த நடுக்கமெல்லாம் அந்தக் கோபத்தில் போய்விட்டது. இனி சாமியாவது, சபையாவது.

"நான் போறேன் ஐயா. இனிமே வரமாட்டேன். தம்பி கீழ கார் வச்சிக்கிட்டு நிக்கிறான்."

ஐயா கிட்டே வரும்படி கை காட்டினார். நெற்றியில் திருநீறு பூசினார். அடுத்து காதில் மந்திரம் ஓதுவார். அதை அடுத்தவர் கேட்கக் கூடாதென்பது சபையின் விதி. விதியைப் போட்டவரே பக்கிரிசாமிதான். அதனால் அவரும் நாலடி தள்ளிப் போய் நின்றார்.

மந்திரம் காதில் விழுந்தால் மனசு மாறிவிடுமோ என்று சந்திரகலா பயந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஐயா அவள் காதோரம் குனிந்தார்.

"கார்ல இன்னொரு ஆளுக்கு எடம் இருக்காம்மா?"