தற்காலிக ஆண்

"மீசை இன்னும் கொஞ்சம் அடர்த்தியா வரட்டும்" என்றார் மேஸ்திரி. கரித்துண்டு வைத்திருந்த குமாஸ்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கோடு இழுத்தார்.

நாற்காலியில் இருந்த என்ஜினியருக்கு மூக்கு நமநமத்தது. தும்மினால் மீசை காதுவரை போய்விடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாடகமும் இல்லை, மாறுவேடப் போட்டியும் இல்லை. மலையைக் குடைந்து போடும் சுரங்கப்பாதையின் கூரையில், வாயிலிலிருந்து நானூறு மீட்டர் உள்ளே, ஒரு விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் தலைமை அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவளைக் கண்டதுமே மேஸ்திரி வாயிலின் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"மலை பொம்பளைம்மா. இன்னொரு பொம்பளை உள்ள வந்தா பொறாமையில இடிஞ்சு விழுந்துரும்."

"நான் பொம்பளைன்னு மலைக்கு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குக் கண்ணு உண்டும்மா" என்றவர் ஒரு நிமிடம் யோசித்தார். "ஆனா அவ்வளவு கூர்மையான கண்ணு கிடையாது."

அப்போதுதான் மீசை யோசனை பிறந்தது. மேலாளருக்கு மீசை மட்டும் போதவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். குமாஸ்தா தட்டச்சு செய்தார்: 'மேற்படி நபர் இன்று பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை ஆணாகக் கருதப்படுவார்.'

"சார், படிவத்துல கணவரோட சம்மதக் கையெழுத்துன்னு ஒரு கட்டம் இருக்கே?"

"ஆம்பளைக்கு ஏதுய்யா கணவர்? அந்தக் கட்டத்தை அடிச்சுவிடு!" என்று மேலாளர் எரிந்து விழுந்தார். முத்திரை 'தொப்'பென்று விழுந்தது.

எழுந்து போய்விடலாமா என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் விரிசலின் மேல் காலையில் பூசிய சிமெண்டுப் பூச்சு மதியத்துக்குள் வெடித்துவிட்டதாகச் சொன்னார்கள். வெளியே அடுத்த ஷிப்டுக்கு எண்பது பேர் ஹெல்மெட்டோடு காத்திருந்தார்கள். அவள் பார்த்துத் தடுக்காவிட்டால் மூன்று மணிக்கு அவர்களை உள்ளே தள்ளத்தான் போகிறார்கள். தோட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள்.

துணைக்கு, பாறையில் துளை போடும் நாலு பேர் வந்து நின்றார்கள். முகத்தில் புழுதித் துணி, உடம்பில் தொளதொளச் சட்டை. அவர்களில் மூத்தவருக்குக் கமுக்கம் என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் தலையசைப்போடு சரி. புழுதி தின்று தொண்டை போய்விட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

"இவங்க நாலு பேரும் ராசியான ஆளுங்க தம்பி" என்றார் மேஸ்திரி. முத்திரை விழுந்ததிலிருந்து அவள் அவருக்குத் தம்பிதான். "பத்தொம்பது வருஷம், ஆறு மலை. இவங்க உள்ள இருக்கறப்ப ஒரு விபத்து நடந்ததில்ல. ஏன்னா நாலு பேரும் கட்டைப் பிரம்மச்சாரிங்க. ஒரே வீடு, தானே பொங்கித் தானே திங்கறாங்க. பொம்பளை வாடையே படாதவங்க!"

கமுக்கம் தலையசைத்தார்.

"பாத்துப் போங்க தம்பி. உள்ள போய் உங்க குரல்ல கத்திறாதீங்க!"

உள்ளே போகப் போக வெளிச்சம் ஒரு பொட்டாகச் சுருங்கியது. விரிசல் அவள் நினைத்ததைவிட மோசம். சுத்தியலால் தட்டினாள். பாறை, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் 'டொக்'கென்று ஒலித்தது. அடியில் நின்று மூன்று முறை அளந்தாள்.

"இன்னிக்கு யாரும் உள்ள வரக்கூடாது. பத்தடிக்கு ஒரு இரும்பு வளைவு முட்டுக் கொடுத்தப்புறம்தான் வேலை. நான் எழுதித் தரேன்."

கமுக்கம் சிவப்புச் சாயத்தை எடுத்துப் பாறையில் பெரிதாகக் குறுக்குக் கோடு போட்டார். எண்பது உயிர் பிழைத்தது என்று அவள் மூச்சு விட்ட நேரம், மேலேயிருந்து முழங்கை அளவுக் கல் ஒன்று பெயர்ந்து அவள் காலடியில் விழுந்து சிதறியது.

அவள் துள்ளிப் பின்வாங்கினாள். வேர்வை வழிந்து மீசை தாடையில் இறங்கியது. பயம் கல்லைப் பற்றி மட்டும் இல்லை.

"இந்தக் கூரை விழுந்தா யாரும் விரிசலைச் சொல்ல மாட்டாங்க, என்னைத்தான் சொல்லுவாங்க" என்றாள். கல்லூரியில் நாலு வருஷம், வேலையில் ஒன்பது வருஷம், இந்த மாதிரி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. "ஒருவேளை நான் உள்ள வந்திருக்கவே கூடாதோ?"

நாலு விளக்குகளும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின. கமுக்கம் வாயில் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. முகத்துத் துணியை இறக்கிவிட்டு, அதன் நுனியால் அவள் தாடையில் வழிந்த கரியை அழுந்தத் துடைத்தார். பின்னால் நின்ற மூன்று பேரும் கிளுக்கென்று சிரித்தார்கள். கமுக்கம் வாய் திறந்தார்.

"பயப்படாதீங்கம்மா, எங்களோட சேத்து நீங்க அஞ்சாவது பொம்பளை."