லோகநாயகி செய்த குற்றங்கள்

மாளவிகாவுக்கு வயது பதினைந்து. ரத்த அழுத்தம் மட்டும் ஓய்வுபெற்ற தாசில்தாருக்கு வர வேண்டியது. அது குறையாவிட்டால் மாவட்டக் கபடி அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தாம்பரம் கிளினிக்கில் டாக்டரம்மா கேட்டார். "இவ வயித்துல இருந்தப்போ ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களாம்மா? சிலது பிள்ளைங்க வளர்ந்தப்புறம்தான் வேலையைக் காட்டும்."

அம்மா லோகநாயகி வாயைத் திறப்பதற்குள் அப்பா வைத்தீஸ்வரன் சாட்சி சொல்லக் கிளம்பிவிட்டார்.

"இவளா? தலைவலின்னா மாத்திரை, தும்மினா மாத்திரை. காபி வேற அண்டா அண்டாவா! நான் அப்பவே சொன்னேன் டாக்டர், கேட்டாத்தானே?"

மாளவிகாவுக்கு இது பழகியதுதான். அவர்கள் வீட்டில் எது ரிப்பேரானாலும் அம்மாதான் காரணம், மிக்சி உட்பட.

"அது இருக்கட்டும். நாட்டு மருந்து, பொடி, ஏதாவது?"

அப்பா மின்விசிறியின் இறக்கைகளை எண்ணத் தொடங்கினார்.

"சாப்பிட்டேன் டாக்டர்" என்றாள் அம்மா. "சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி யாரோ குடுத்த பொடி. இவர்தான் வாங்கிட்டு வந்து பால்ல கலந்து குடுப்பார். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பார்."

"அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா இப்படி வரலாம். எதுக்காகக் குடுத்த பொடி அது?"

"பையன் பொறக்கணும்னு."

இறக்கைகள் மூன்றுதான். அப்பா மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"அப்பா" என்றாள் மாளவிகா. "பிரஷர் மட்டும்தான் சைடு எஃபெக்ட்டா, இல்ல நானுமா?"