உப்புமாவுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பொய்

தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு பொய் தயாராக வேண்டும்.

அவர் அடுப்பைக் குறைத்தார். வறுத்த ரவையை ஒரு கையால் தூவி, மறு கையால் கிளறினார். கட்டி தட்டக் கூடாது. ஒரு கட்டி போதும், மனைவிக்குப் புரையேற. கடுகு இல்லை. மிளகாய் இல்லை. இஞ்சியைத் தட்டிப் பிழிந்த சாறு, உப்பு, ஒரு துளி நெய். தண்ணீர் மட்டும் தாராளம்.

அதை உப்புமா என்று சொன்னால் உப்புமாவே ஒப்புக்கொள்ளாது.

ரவை வெந்துவிட்டது.

பொய் இன்னும் வேகவில்லை.

அவள் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சுவர்ப்பக்கம்.

பக்கவாதம் அவளுடைய வலது கையை எடுத்துக்கொண்டது. காலை எடுத்துக்கொண்டது. பேச்சையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. போகிற அவசரத்தில் ஒரே ஒரு சொல்லை மறந்து வைத்துவிட்டுப் போனது.

பொய்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான். அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள். புழங்கிப் புழங்கி நாக்கோடு ஒட்டிப்போயிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சாப்பிடக்கூட வாய் திறக்கவில்லை. மகள் கெஞ்சினாள். மருமகன் கெஞ்சினார். பார்க்க வந்த சம்பந்தியம்மாளிடம், “இந்த வூட்டுல எப்பவுமே சமையல் நாந்தானுங்க” என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“பொய்.”

எல்லோரும் அழுதார்கள். அவர் மட்டும் கரண்டியைத் தேடி ஓடினார்.

அதிலிருந்து இப்படித்தான். ஒரு வாய்க்கு ஒரு பொய். ‘பொ’ என்று உதடு பிரியும். மிச்சம் வருவதற்குள் கரண்டி உள்ளே போய்விட வேண்டும்.

உண்மைக்கு உதடு அசையாது. ‘இன்னைக்கு வெள்ளிக்கிழமை’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வெள்ளிக்கிழமைதான். அவள் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம் பொய்யும் சரியாக இறங்கவில்லை. நேற்று வந்த நர்ஸ் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

“நாளைக்கும் பாதியாச்சும் உள்ள போகலைன்னா மூக்குல டியூப் போட்றலாங்கய்யா.”

கட்டிலில் இருந்தவள் அதைக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊதி ஆற்றினார்.

“பாவாயி, நம்ம முருங்கை மரம் ராத்திரி எந்திரிச்சுப் பக்கத்து வூட்டுக்குள்ள போயிருச்சு. அங்க நின்னு கொத்துக் கொத்தாக் காய்ச்சுத் தொங்குது. நாந்தான் கவுறு போட்டு இழுத்தாந்து கட்டி வெச்சிருக்கேன்.”

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட மாறவில்லை. பஞ்சாங்கம் படிப்பவரைப் போலச் சொன்னார்.

அவள் திரும்பினாள்.

“பொ—”

கரண்டி போய்விட்டது.

அவள் தொண்டை ஏறி இறங்கும்வரை அவர் மூச்சு விடவில்லை.

“டவுன் பஸ்ஸுல ஒரு காக்கா. கண்டக்டரு டிக்கெட்டுன்னாரு. ரெக்கைக்குள்ள இருந்து பாஸை எடுத்து நீட்டுது. போட்டோவுல வேற சிரிச்சுட்டு இருக்குது.”

“பொ—”

“வாசல்ல கலெக்டரு ஜீப்பு. உப்புமா வாசத்துக்கு வண்டிய நிறுத்திட்டாரு.”

உதடு அசையவில்லை.

கலெக்டர் போன வாரமே வந்துவிட்டுப் போனவர். ஆறிப்போனதை அவள் தொடமாட்டாள். உப்புமாவைப் போலவே பொய்யும் அன்றன்றைக்குச் செய்ததாக இருக்க வேண்டும்.

“கலெக்டரு எங்க வந்தாரு? அவரு வூட்டு எருமை. அதுதான் ஓட்டிட்டு வந்துச்சு. ரிவர்ஸ்தான் சரியா வரலை.”

“பொ—”

பாதிக் கிண்ணத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

அவள் முகம் மறுபடி சுவர்ப்பக்கம் போனது. கழுத்தில் நரம்பு தெரிந்தது. விழுங்குவது அவளுக்கு மலையேறுகிற மாதிரி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த மலையை நேற்று வெட்டிப் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம். வரவில்லை.

யோசித்தார். மரம் இல்லை. காக்கா இல்லை. எருமை இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் தீர்ந்துவிட்டது.

கிண்ணத்தில் ஆடை படிந்தது.

“செரி, பாவாயி.”

கரண்டியால் அந்த ஆடையை ஓரமாகத் தள்ளினார்.

“உனக்கு அலுத்துப் போச்சுன்னா நீ பாட்டுக்குக் கெளம்பு. என்னையப் பத்தி ரோசிக்காத. உப்புமா கெளறத் தெரியுது. காப்பி போடத் தெரியுது. தனியா நல்லாத்தான் இருப்பேன்.”

இதையும் அதே முகத்தோடுதான் சொன்னார்.

மற்றதையெல்லாம் அவள் நம்பக் கூடாது என்பதற்காகச் சொன்னார். இதை மட்டும் நம்பிவிட்டால் போதும் என்றிருந்தது.

முகம் மெல்ல அவர் பக்கம் வந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பொய்.”

முழுச் சொல்லும் வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

கரண்டி வரவில்லை. அது கிண்ணத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

அவள் வாயை மூடவில்லை.

காத்திருந்தாள்.